போங்கு ஆடினால் ஐடியையே முடக்கலாமா?

மாலைநிழல்

எங்கள் ஸ்குவாடில் ஐந்து பேர். ஆறு வருடமாக ஆன்லைனில் ஒரு சுடும் கேமை ஒன்றாக ஆடுகிறோம். அதில் இரண்டு பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் மைக்கில் பேச்சு இழுக்கிற விதத்தை வைத்தே யாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவேன். போன வாரம் எங்களில் ஒருவனுடைய ஐடி நிரந்தரமாக பேன் ஆகிவிட்டது. "நான் ஒன்றும் பண்ணலடா, கம்பெனிக்காரன் தப்பு" என்றான். நம்பினோம். நாலு பேரும் ஆளுக்கொரு அப்பீல் எழுதி அனுப்பினோம்.

அவனுக்குச் சாதகமாக ஏதாவது கிடைக்கும் என்று பழைய மேட்ச்களின் ரீப்ளேயை எடுத்துப் போட்டேன். மூன்றாவது மேட்ச், பதினோராவது ரவுண்டு. எதிரி ஒருத்தன் சுவருக்குப் பின்னால் நடந்துபோகிறான். காலடிச் சத்தம் கேட்கிற தூரம் இல்லை. எங்கள் நண்பனுடைய துப்பாக்கிக் குறி அந்த வெற்றுச் சுவரின்மேல் அவன் தலையோடு சேர்ந்தே நகர்கிறது. அவன் நின்றால் நிற்கிறது. குனிந்தால் இறங்குகிறது. அவன் கதவோரம் வருவதற்கு அரை நொடி முன்னால் இவன் குறியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறான், தற்செயலாகச் சுட்ட மாதிரி தெரியட்டும் என்று. அந்தத் தள்ளிவைப்பைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அன்று அந்த ரவுண்டு ஜெயித்ததும் நான்தான் மைக்கில் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவன்.

கேட்டேன். ஒத்துக்கொண்டான். நான்கு மாதமாம்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அந்த கம்பெனி இந்த ஒரு கேமை மட்டும் மூடவில்லை. அவன் கணக்கையே மூடிவிட்டது. ஒன்பது வருடமாகக் காசு கொடுத்து வாங்கிய கேம்கள் அதில் இருந்தன, பாதிக்கு மேல் தனியாக ஆடுகிறவை. எல்லாம் போச்சு. காரணம் கேட்டால் ஒரே வரி: "விதிமீறல் உறுதிசெய்யப்பட்டது." தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை, அவன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் இந்த அளவு, இந்த முறை சரிதானா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

செவ்வானம்

சரிதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?

பத்து பேர் ஆடற மேட்ச்ல ஒருத்தன் சுவருக்குப் பின்னாடி இருக்கறவங்களைக் காட்டற வால்ஹேக் போட்டா, மிச்ச ஒன்பது பேரோட முக்கால் மணி நேரம் குப்பைக்குப் போகுது. ஒரு நாளைக்கு அஞ்சு மேட்ச்னு வைங்க, நாலு மாசம்னு வைங்க. உங்க நண்பர் எத்தனை பேரோட சாயங்காலத்தைத் தின்னிருக்கார்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. வேலை முடிச்சு, படிப்பு முடிச்சு, கிடைக்கிற ஒரு மணி நேரத்துல வந்து உக்காந்தவங்க அவங்க. அவங்களுக்கு அப்பீல் எழுத யார் இருக்கா?

கூட ஆடறவங்களுக்கும் இதே கதிதான். 2018 அக்டோபர்ல ஷாங்காய்ல ஒரு கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டி நடந்துச்சு. மேடையில ஆடிக்கிட்டிருந்த ஒருத்தரோட கணினியில சீட், அதாவது போங்கு ஆட உதவற மென்பொருள், மாட்டுச்சு. ஃபைலுக்கு "வேர்டு"ன்னு பேர் வச்சிருந்தார். நடுவர் வந்து பார்க்கறப்ப அதை அழிக்கப் பார்த்த காட்சி வீடியோவாவே இருக்கு. மொத்த அணியும் வெளியேற்றம். அணி நிர்வாகம் அந்த அஞ்சு பேரையும் விடுவிச்சிடுச்சு. அவருக்கு அஞ்சு வருஷத் தடை, சரி. மத்த நாலு பேர் என்ன பாவம் பண்ணாங்க? மாலைநிழல், நீங்களும் இப்ப அந்த நாலு பேர்ல ஒருத்தர்தான். உங்க பழைய வெற்றி எது நிஜம், எது பொய்னு இனி உங்களுக்கே தெரியாது.

மாலைநிழல்

அந்தக் கடைசி வரி உண்மை. போன வருடம் நாங்கள் ஏறின ரேங்க்கைப் பார்க்கவே இப்போது பிடிக்கவில்லை.

கோடெழுதி

நான் கேம் கம்பெனியில் இல்லை, ஆனால் மென்பொருள் பாதுகாப்புதான் என் வேலை. "உறுதிசெய்யப்பட்டது" என்ற சொல்லுக்குள் என்னென்ன இருக்கும் என்று பார்த்துவிட்டு அப்புறம் தண்டனையைப் பேசலாமே.

ஒரு சீட்டைக் கண்டுபிடிக்கப் பல வழி உண்டு. பழைய வழி, தெரிந்த சீட்டுகளின் கைரேகையை வைத்துக்கொண்டு ஆட்டக்காரரின் நினைவகத்தில் அது இருக்கிறதா என்று தேடுவது. 2002இல் வந்த வேக், அதாவது வால்வ் என்ற கேம் கம்பெனியின் காவல் மென்பொருள், இந்த வகையில் தொடங்கியதுதான். இன்னொன்று, ஆட்டத்தின் ஃபைல்களை வெளியாள் யாராவது தொட்டிருக்கிறாரா என்று பார்ப்பது. மூன்றாவது, ஆடுகிற விதத்தைப் பார்த்துக் கணிப்பது: குறி திரும்பும் வேகம், சுடும் இடைவெளி, இப்படி. மூன்றுக்கும் நம்பகத்தன்மை ஒன்றல்ல.

எனக்கு மிகவும் பிடித்தது பொறி வைக்கும் முறை. 2023 பிப்ரவரியில் டோட்டா 2 என்ற கேமுக்குள் வால்வ் ஒரு தரவுப் பகுதியை ஒளித்து வைத்தது. ஒழுங்காக ஆடுகிறவரின் ஆட்டம் அந்த இடத்தை எந்தக் காலத்திலும் படிக்காது. உள்ளே கைவிட்டுத் துழாவுகிற சீட் மட்டும்தான் படிக்கும். படித்த 40,000க்கு மேற்பட்ட கணக்குகளை மூடிவிட்டு, எப்படிப் பிடித்தோம் என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். இந்த மாதிரி ஆதாரம் இருந்தால் நிரந்தரத் தடைக்கு நானே கைதூக்குவேன்.

ஆனால் எல்லா ஆதாரமும் இப்படி இருக்காது. 2010 ஜூலையில் மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடிய சுமார் 12,000 பேரை வேக் தவறுதலாக முடக்கியது. டிஸ்க்கில் இருந்த ஃபைலும் நினைவகத்தில் இருந்த பிரதியும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான், ஆட்டக்காரர்கள் எதையும் தொடவில்லை. வால்வின் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதி, தடையை நீக்கி, ஆளுக்கு லெஃப்ட் 4 டெட் 2 என்ற கேமை இலவசமாகக் கொடுத்தார், நண்பருக்குக் கொடுக்க இன்னொன்றும் சேர்த்து. 2023 அக்டோபரில் அடுத்தது. கிராஃபிக்ஸ் கார்டு செய்யும் ஏஎம்டி, தாமதத்தைக் குறைக்க ஆன்டிலேக் பிளஸ் என்று டிரைவரில் ஒரு வசதி கொடுத்தது. அது வேலை செய்த விதம், கவுன்டர் ஸ்ட்ரைக் 2இன் ஃபைலுக்குள் நுழைந்து ஓட்டத்தைத் திருப்பிவிடுவது. சீட் செய்வதும் அதையேதான். விளைவு, செட்டிங்கில் ஒரு பெட்டியை டிக் செய்தவர்கள் பலருக்கு பேன். ஏஎம்டி அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது, வால்வும் அந்தத் தடைகளை நீக்கியது.

இந்த இரண்டு தடவையும் தவறு வெளியே வந்தது ஏன்? ஒரே நேரத்தில் நிறையப் பேர் மாட்டினார்கள், கூச்சல் பெரிதாக இருந்தது. தனியாக ஒருத்தர் மாட்டினால் அந்தக் கூச்சலை யார் போடுவது?

பழையகன்ட்ரோலர்

ஒரு சின்ன இடைச்செருகல். சீட் என்ற வார்த்தையே எங்கள் தலைமுறைக்குக் கெட்ட வார்த்தையாக இருந்ததில்லை. மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ. இதை விரல் மறக்குமா? 1986இல் கிரேடியஸ் என்ற ஆட்டத்தை நின்டெண்டோ கருவிக்கு மாற்றிக்கொண்டிருந்த கசுஹிசா ஹஷிமோட்டோ, சோதித்துப் பார்க்க அந்த ஆட்டம் தனக்கே கஷ்டமாக இருந்ததால் போட்டுவைத்த குறுக்குவழி அது. ஆட்டத்தைச் செய்தவரே சீட் போட்டார், அதை உலகமே ரசித்தது.

தனியாக உட்கார்ந்து ஆடுகிற ஆட்டத்தில் நான் உயிரை ஆயிரமாக்கிக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? நீதிமன்றங்களே இதைத்தான் சொல்லியிருக்கின்றன. 1992இல், சீட் போட உதவும் கருவியான கேம் ஜீனி வழக்கில் நின்டெண்டோ தோற்றது. 2024 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், சீட் மென்பொருள் விற்ற டேட்டல் என்ற கம்பெனி மேல் சோனி போட்ட வழக்கில், ஆட்டம் ஓடும்போது நினைவகத்தில் இருக்கிற மதிப்புகளை மட்டும் மாற்றினால் அது ஆட்டத்தின் நிரலை நகலெடுத்ததாகாது, பதிப்புரிமை மீறல் இல்லை என்றது. அது ஒரு கார் பந்தய ஆட்டம். டர்போவைத் தீராமல் வைத்துக்கொள்ள ஒரு மென்பொருள். அவ்வளவுதான் விஷயம்.

அதனால் மாலைநிழல் சொன்னதில் என்னைக் குத்துவது இதுதான்: கூட்டாக ஆடுகிற இடத்தில் போங்கு ஆடியதற்கு, தனியாக ஆடுகிற கேமை ஏன் பிடுங்கவேண்டும்? அங்கே யார் பாதிக்கப்பட்டார்?

செவ்வானம்

@பழையகன்ட்ரோலர் அதுல எனக்கு மறுப்பு இல்ல. தனி ஆட்டத்துல எதை வேணா பண்ணிக்கட்டும். வேக் பேனே அப்படித்தான், அந்த கேமோட காவல் இருக்கற சர்வர்ல நுழைய முடியாது, வாங்கின மத்த கேமெல்லாம் அப்படியே இருக்கும். மத்தவங்களும் அதைச் செய்யலாம். நான் பேசறது கூட்டு ஆட்டத்தை மட்டும்.

நீலக்குயில்

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எனக்கு வலது கையில் இரண்டு விரல்கள் சரியாக மடங்காது. பிறவியிலிருந்தே அப்படி. ஒரு பொத்தானை வேகமாகத் திரும்பத் திரும்ப அழுத்தச் சொல்கிற இடம் எல்லா ஆட்டத்திலும் வரும்: கதவைத் திறக்க, விழுந்த கூட்டாளியைத் தூக்க, பிடித்துக்கொண்டவனை உதற. மற்றவர்கள் இரண்டு நொடியில் முடிப்பதை நான் முடிப்பதற்குள் வலி மணிக்கட்டுக்கு ஏறிவிடும். அதனால் ஒரு சின்ன மென்பொருள் வைத்திருந்தேன். பொத்தானை ஒருமுறை அழுத்திப் பிடித்தால் அது பலமுறை தட்டியதாக அனுப்பும். குறி பார்க்காது, சுடாது, யாரையும் காட்டாது.

ஒருநாள் காலையில் ஐடி திறக்கவில்லை. "அனுமதியில்லாத மென்பொருள். நிரந்தரத் தடை. இந்த முடிவு இறுதியானது."

நான் எழுதினேன். ஒரு பதில் வந்தது. விளக்கி மறுபடி எழுதினேன். அதே பதில், எழுத்துக்கு எழுத்து அதே, என் பெயர் மட்டும் மேலே. மருத்துவச் சான்றிதழை இணைத்து மூன்றாவது முறை எழுதினேன். அதே பதில். ஒரு மனிதர் என் கடிதத்தைப் படித்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஐந்து வாரம் கழித்து, அந்த ஆட்டத்தின் சமூகப் பொறுப்பாளர் ஒருவர் யாரோ பகிர்ந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே பேசியதால் கணக்கு திரும்பக் கிடைத்தது. விதியால் கிடைக்கவில்லை, தயவால் கிடைத்தது.

அந்த ஐந்து வாரமும் என்னோடு ஆடியவர்கள் என்னை எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? "நெருப்பில்லாமல் புகையுமா" என்று ஒருவர் கேட்டார். நாங்கள் இருவரும் இரண்டு வருடம் ஒரே கிளானில் இருந்தவர்கள்.

போங்கு ஆடுகிறவர்களைத் தடை செய்யுங்கள், நானும் அவர்களிடம் தோற்று எரிச்சல்பட்டவள்தான். ஆனால் அப்பீலை ஒரு ஆள் படிக்கவேண்டும். அதை ஒரு கம்பெனியிடம் கேட்பது பெரிய கோரிக்கையா?

செவ்வானம்

நீலக்குயில், உங்களுக்கு நடந்தது அநியாயம். முதல் பதிவுல "யோசிக்க என்ன இருக்கு"ன்னு எழுதினேன். யோசிக்க இருக்கு.

கரையேறியவன்

நான் அந்தப் பக்கம் இருந்தவன். பதினாறு வயசுல தொடங்கி ரெண்டு வருஷம் சீட் போட்டு ஆடினேன். அதனால தடை என்ன செய்யும், என்ன செய்யாதுன்னு உள்ளேருந்து சொல்றேன்.

முதல் பேன் வந்தப்ப அழுதேன். உண்மையா. ரெண்டாவது பேனுக்குப் பழகிட்டேன். மூணாவது எனக்கு ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான். இலவச கேம், புது ஐடி போட ரெண்டு நிமிஷம். சீட் விக்கறவனே கூட ஐடியும் சேர்த்து வித்தான். மாசச் சந்தா, புது அப்டேட் வந்தா அவன் சீட்டையும் அப்டேட் பண்ணித் தருவான், சந்தேகம் கேட்டா பொறுமையா பதில் சொல்வான். கேம் கம்பெனியோட உதவிப் பிரிவைவிட அவன் வேகமா பதில் சொன்னான், இதை நான் சத்தியமா சொல்றேன்.

மெஷினையே அடையாளம் வச்சு பேன் பண்றாங்களே, அது கொஞ்சம் வலிச்சுது. போன் நம்பர் கேக்க ஆரம்பிச்சது அதைவிட வலிச்சுது. ஆனா என்னை நிறுத்தினது ரெண்டும் இல்ல. ஒருநாள் சீட் சந்தா முடிஞ்சுபோச்சு, சும்மா ஆடிப் பார்க்கலாம்னு உக்காந்தேன். எதிராளி கண்ணுக்கு நேரா நிக்கறான், என் கை போகல. போங்கு ஆடறதுக்கு முன்னாடி நான் நல்லாவே ஆடுவேன், அதுவும் போயிருந்துச்சு. மூலையில யார் இருப்பான்னு ஊகிக்கிற புத்தி, சத்தத்தைக் கேட்டுத் திரும்பற பழக்கம், எதுவுமே இல்ல. சுவருக்குப் பின்னாடி பார்த்துப் பார்த்து, சுவரைப் பார்க்கத் தெரியாமப் போயிருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி மூடி வச்சவன்தான்.

அதனால என் கருத்து: ஆடறவனைத் தடை பண்ணுங்க, வேணும். ஆனா விக்கறவனை விட்டுட்டு ஆடறவனை மட்டும் பிடிக்கறது தும்பை விட்டு வாலைப் பிடிக்கற கதை. விக்கறவன் மேல கை வச்சப்பதான் நிறைய கடை மூடினதை நான் பார்த்தேன். கேம் கம்பெனி பிளிசார்டு 2017ல சீட் விக்கற பாஸ்லேண்டுங்கற கம்பெனிகிட்ட சுமார் 85 லட்சம் டாலருக்குத் தீர்ப்பு வாங்குச்சு. ஆக்டிவிஷன் 2024ல என்ஜின்ஓனிங்ங்கற சீட் கடை மேல 1 கோடி 44 லட்சம் டாலர். சீனாவுல 2021ல குன்ஷான் போலீஸ் டென்சென்ட்டுங்கற கேம் கம்பெனியோட சேர்ந்து ஒரு கும்பலைப் பிடிச்சப்ப பத்து பேர் கைது, சொகுசு கார் எல்லாம் பறிமுதல். இது ஏதோ பசங்க விளையாட்டுன்னு நினைக்காதீங்க, இது தொழில். தென் கொரியாவுல சீட் செய்யறது, பரப்பறது ரெண்டும் சட்டப்படியே குற்றம், சிறைத் தண்டனையும் இருக்கு.

மாலைநிழல், உங்க நண்பர் நாலு மாசத்துல மாட்டினது அவருக்கு நல்லது. எனக்கு ரெண்டு வருஷம் போச்சு.

காவல்கோபுரம்

நான் சின்ன சமூக சர்வர் ஒன்றைப் பத்து வருடமாக நடத்துகிறேன். தடை போடுகிற கை என்னுடையது. அதனால் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு வருகிற புகாரில் பெரும்பாலானவை தோற்ற கோபத்தில் எழுதியவை. "ஹேக் போடறான், தூக்குங்க" என்று வீடியோ அனுப்புவார்கள். பார்த்தால் நன்றாக ஆடுகிற ஒரு சின்னப் பையன், அவ்வளவுதான். ஆரம்பத்தில் நான் அப்படி இரண்டு பேரைத் தூக்கியிருக்கிறேன். ஒருவர் திரும்ப வரவே இல்லை. அவருடைய பயனர்பெயர் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்தேன்: தடை போடுவதற்கு முன் மூன்று மேட்ச்சை முழுக்கப் பார்ப்பது, சுட்ட காட்சியை விடச் சுடாத நேரத்தை அதிகம் பார்ப்பது. போங்கு ஆடுகிறவர் மாட்டுவது சுடும்போது இல்லை. யாரும் இல்லாத அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் நடந்துபோவார் பாருங்கள், அங்கே. மனிதனாக இருந்தால் பயம் இருக்கும், மூலைக்கு மூலை எட்டிப் பார்ப்பான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தடையைத் தவிர வேறு வழியே இல்லை என்று பேசுகிறோம். 2012இல் மேக்ஸ் பெய்ன் 3, 2014இல் டைட்டன்ஃபால், இரண்டிலும் போங்கு ஆடியவர்களைத் தனிக் குளத்தில் விட்டு அவர்களுக்குள்ளேயே ஆடவிட்டார்கள். கால் ஆஃப் டூட்டி 2022இல் வேறு மாதிரி செய்தது. சந்தேகப்பட்ட ஆளின் குண்டு மற்றவர்மேல் பட்டாலும் உயிர் குறையாது. இன்னொரு ஏற்பாட்டில் எதிரே நிற்பவர்கள் அவர் கண்ணுக்கே தெரியமாட்டார்கள், காலடிகூடக் கேட்காது. இதில் எனக்குப் பிடித்த அம்சம், ஆள் சந்தேகத்தில் இருக்கும்போதே மற்றவர்களின் மேட்ச் காப்பாற்றப்படுகிறது. தீர்ப்பை அவசரமாக எழுதவேண்டிய தேவை போய்விடுகிறது.

ஆனால் தவறாக அந்த வலையில் விழுந்தவரை நினைத்துப் பாருங்கள். சுடுகிறார், படவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அதுவும் கொடுமைதான்.

கோடெழுதி

@காவல்கோபுரம் சுடாத நேரத்தைப் பார்ப்பது என்றீர்கள், அதைக் குறித்து வைத்துக்கொண்டேன். இது எந்த நிரலும் இன்றுவரை முழுசாகக் கற்றுக்கொள்ளாத விஷயம்.

கண்காணிப்புக்கும் ஒரு விலை உண்டு. சீட் ஆழமாகப் போகப் போக, காவல் மென்பொருளும் கணினியின் ஆழத்துக்குப் போகிறது. ரயட் கம்பெனியின் காவல் மென்பொருளான வேன்கார்டு 2020இல் வேலரன்ட் என்ற கேமோடு வந்தபோது கணினி எழும்போதே தானும் எழுகிறது, கெர்னல் என்கிற, இயங்குதளத்தின் ஆணிவேர் மட்டத்தில் உட்கார்கிறது என்று பெரிய சண்டை நடந்தது. அதனால் சீட் குறைந்தது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த மட்டத்தில் ஒரு ஓட்டை விழுந்தால் வீடே திறந்து கிடக்கும். 2016இல் காப்காம், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5க்குப் போங்கைத் தடுக்க ஒரு டிரைவர் கொடுத்தது. எந்த நிரலும் அதன் வழியாகக் கெர்னலுக்குள் நுழையலாம் என்று தெரிந்ததும் உடனே திரும்ப எடுத்துக்கொண்டது. 2022இல் கென்ஷின் இம்பாக்ட்டின் காவல் டிரைவரை, கணினியைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் ரேன்சம்வேர் கும்பல் பயன்படுத்தி வைரஸ் தடுப்பை அணைத்தது. அந்த ஆட்டமே இல்லாத கணினியில்கூட அந்த டிரைவரை மட்டும் கொண்டுபோய்ப் போட்டு இதைச் செய்ய முடிந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதையும் உண்டு: 2013இல் இசியா என்ற போட்டித் தளத்தின் காவல் மென்பொருளுக்குள் ஆட்டக்காரர்களின் கணினியை வைத்து பிட்காயின் தோண்டும் நிரல் இருந்தது. நியூ ஜெர்சி அரசு வழக்கறிஞர் அலுவலகம் வரை போய் 10 லட்சம் டாலர் உடன்பாட்டில் முடிந்தது.

இத்தனை ஆழம் போயும், இப்போது சீட் அந்தக் கணினியிலேயே இல்லை. தனி அட்டை ஒன்றைச் செருகி, நினைவகத்தை இரண்டாவது கணினிக்கு இழுத்து, அங்கே எதிரிகளைப் பார்க்கிறார்கள். காவல் மென்பொருளுக்கு முதல் கணினி சுத்தமாகத்தான் தெரியும். ஆக, எந்தக் காலத்திலும் நூற்றுக்கு நூறு உறுதி என்று ஒன்று வராது. உறுதி வராத இடத்தில் "இந்த முடிவு இறுதியானது" என்று எழுதுவதுதான் என்னை உறுத்துகிறது.

செவ்வானம்

அப்ப ஆதாரத்தைக் காட்டணும்னு சொல்றீங்களா? காட்டினா அடுத்த வாரமே சீட் செய்யறவன் அதைத் தாண்டற வழி கண்டுபிடிச்சிடுவான். பேனை உடனே போடாம வாரக்கணக்குல தள்ளி, ஒரே நாள்ல மொத்தமா போடறதே அதுக்குத்தானே. எந்த நாள்ல எதை வச்சுப் பிடிச்சாங்கன்னு அவனுக்குத் தெரியக் கூடாதுன்னு.

கோடெழுதி

பிடித்த வழியைச் சொல்லவேண்டாம். எந்த மேட்ச், எந்தத் தேதி, என்ன வகை என்று சொல்லலாம். "மார்ச் மாதத்தில் இந்த மேட்ச்சில் குறி தானாக நகர்ந்தது" என்று சொன்னால் சீட் செய்பவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் நீலக்குயில் மாதிரி ஒருவர் "அது குறி இல்லை, பொத்தான்" என்று பதில் சொல்ல ஒரு இடம் கிடைக்கும். இப்போது அவருக்கு எதை மறுப்பது என்றே தெரியவில்லையே.

மாலைநிழல்

இத்தனையும் படித்த பிறகு எனக்கு ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. முதலில் கேட்ட மாதிரி "சரியா தவறா" என்று கேட்கமாட்டேன் இனி.

கூட்டு ஆட்டத்தில் போங்கு ஆடினால் அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றவேண்டும். என் நண்பனுக்குக் கிடைத்த அந்தத் தடை சரி, நான் எழுதிய அப்பீலைத் திரும்பப் பெற்றுவிட்டேன். மற்ற மூன்று பேரும் பெற்றுவிட்டார்கள். ஆனால் காசு கொடுத்து வாங்கிய மற்ற கேம்களை மூடியதற்கு எதிராகப் புதிதாக ஒன்று எழுதியிருக்கிறேன், இந்தமுறை குற்றத்தை ஒப்புக்கொண்டு, அவனுடைய கையெழுத்தோடு.

ஆயுள் முழுவதும் என்பதுதான் இன்னும் ஒட்டவில்லை. 2019இல் ஃபோர்ட்நைட்டில் ஆயுள்தடை வாங்கிய பிரபல ஆட்டக்காரருக்கு வயது 17. குறியைத் தானாகப் பிடித்துக் கொடுக்கும் ஏம்பாட் என்ற சீட்டைப் போட்டு ஆடியதை வீடியோவாகப் போட்டார், தவறுதான். ஷாங்காயில் பரிசுப் பணத்துக்கு ஆடும்போது மேடையிலேயே மாட்டியவருக்கு ஐந்து வருடம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குக் கணக்கு இடிக்கிறது. கரையேறியவன் மாதிரி ஒருத்தர் திரும்பி வர ஒரு கதவு இருந்திருந்தால் அவர் மூன்றாவது ஐடி வாங்கியிருப்பாரா?

ஒருவருடைய கணினியில் சீட் ஓடியது என்பதாலேயே அவர்தான் போட்டார் என்றும் ஆகாது. 2024 மார்ச்சில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸின் வட அமெரிக்க இறுதிச் சுற்று நடுவில், ஆடிக்கொண்டிருந்த ஒருவருக்குத் திடீரென்று சுவருக்குப் பின்னால் இருப்பவர்களெல்லாம் தெரிய ஆரம்பித்தார்கள். இன்னொருவருக்கு ஏம்பாட். இருவரும் கேட்கவில்லை, வெளியிலிருந்து யாரோ ஏற்றிவிட்டார்கள். நேரலையில் உலகமே பார்த்ததால் அவர்கள் தப்பித்தார்கள், போட்டி தள்ளிவைக்கப்பட்டது. இதே விஷயம் ராத்திரி ஒரு மணிக்கு என் அறையில் எனக்கு நடந்தால்?

காவல்கோபுரம்

உங்கள் நண்பர் இப்போது என்ன செய்கிறார்?

மாலைநிழல்

புது ஐடி போட்டு வந்து நின்றான். "சீட் இல்லடா, முதல்லேருந்து ஆடறேன், சேத்துக்கோ" என்றான். நாலு பேரும் பேசினோம். இரண்டு பேர் சரி என்றார்கள், ஒருவன் முடியாது என்றான். நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

கரையேறியவன்

சேக்காதீங்க அண்ணா. அவர்மேல இருக்கற கோபத்துல சொல்லல. பேன் ஆனவங்க புது ஐடியில வர்றதே பல கேம்ல விதிமீறல். அந்த ஐடியும் போகும், கூட ஆடினீங்கன்னு உங்க மேலயும் கண் விழும். நான் அப்படித்தான் ஒண்ணு மேல ஒண்ணா இழுத்து விட்டுக்கிட்டேன். வேற கேம்ல அவரோட ஆடுங்க. ஆளை விடாதீங்க, அந்த கேமை மட்டும் விடுங்க.

மாலைநிழல்

நேற்று அவனிடம் அதையேதான் சொன்னேன். கொஞ்ச நேரம் மைக்கில் சத்தமே இல்லை. பிறகு "சரி, வேற ஏதாவது டவுன்லோடு போடட்டுமா" என்றான். ஞாயிற்றுக்கிழமை அவனோடு வேறொரு கேம், தோட்டம் போடுகிற கேம், அதில் சுடுவதற்கு ஒன்றும் இல்லை.

பழைய கேமில் ஐந்தாவது இடம் காலியாக இருக்கிறது. ரேங்க்கைக் கீழிருந்து மறுபடி ஏறப்போகிறோம், நாலு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. யாராவது வருகிறீர்களா?

நீலக்குயில்

நான் வரலாமா? முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் பொத்தான் மென்பொருள் இப்போதும் வைத்திருக்கிறேன். நீங்கள் ஆடுகிற கேமின் கம்பெனிக்கு எழுதி, பயன்படுத்தலாம் என்று பதில் வாங்கிய பிறகுதான் நிறுவினேன். அந்தப் பதிலைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

மாலைநிழல்

அனுப்பவேண்டாம். ஒன்பது மணிக்கு லாபியில் இருப்போம், வாங்க.